இளையாள்

தோல்வாரின் பக்கிள் லேசில் கழன்று வரவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வியர்வையில் ஊறி ஊறி இறுகிக் கிடந்தது. குளிப்பாட்ட வந்தவர் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கழற்றட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து எப்போது கழற்றுவோம் என்று அவள் காத்திருந்த வாட்ச் அது. இன்னொருவர் கைக்கு விட்டுவிடுவாளா என்ன?

ஒருவழியாகக் கழன்றது. கணவரின் மணிக்கட்டில் வெயிலே படாத வெளுத்த தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த இடத்தை அவள் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது.

அவருக்கு மருந்து கம்பெனியில் விற்பனை வேலை. ஊர் ஊராக அலைவார். போகிற ஊரில் டாக்டர்களைப் பார்த்த கையோடு பழைய சாமான் கடைகளில் நுழைந்துவிடுவார். பெட்டி நிறைய மருந்தோடு போகிறவர் சட்டைப்பையில் ஒரு பழைய சுவிஸ் வாட்ச்சோடு திரும்புவார். அப்படிச் சேர்ந்தவை மேஜை இழுப்பறையில் வரிசையாகப் படுத்திருந்தன. எதற்கும் பாட்டரி கிடையாது. தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுக்க வேண்டும். காப்பி, பேப்பர், பெண்டாட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவள் அவற்றுக்குச் சக்களத்திகள் என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லுவாள். அவர்களும் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதில் பாதிதான் வேடிக்கை என்று யாருக்குத் தெரியும்? பாலேடு நிற முகமும் நீல முட்களுமாக இருந்த ஒன்று மட்டும் இழுப்பறையில் தூங்காது. அவர் கையிலேயே இருக்கும், ராத்திரியும்கூட. அதற்கு இளையாள் என்று பெயர்.

ஒருநாள் ராத்திரி அவளை விளக்கடியில் உட்காரவைத்து இளையாளின் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மணல் பருமனில் சிவப்புக் கற்கள். மயிரிழை போன்ற ஒரு சுருள் மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. நம் தாத்தா காலத்தில் யாரோ ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் கோத்தது, இன்னும் ஓடுகிறது பார் என்றார். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டரி வாட்சுக்கு நாம யாருன்னே தெரியாது. இதுங்க அப்படி இல்ல. காலையில நான் வரலைன்னா நின்னுடும்" என்றார்.

"நானுந்தான் தினம் அடுப்படியில நிக்கிறேன்" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று காலையும் அதே கதைதான். காப்பி ஆறுகிறது என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரு நிமிஷம் இரு. சாவி குடுத்துட்டு வரேன்" என்றார். நல்லா கொஞ்சுங்க என்று முணுமுணுத்தபடி டம்ளரை மூடிவைத்தாள். எட்டிப் பார்த்தபோது அவர் மேஜைமேல் சாய்ந்திருந்தார். முதல் சாவி எப்போதும் இளையாளுக்குத்தான். கையில் கட்டியபடியே அதற்குக் கொடுத்து முடித்திருந்தார். இழுப்பறை திறந்திருந்தது, மற்றவற்றுக்கு முறை வரவில்லை.

குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். மகள் பக்கத்தில் வந்து, அழுது கரகரத்த குரலில், அந்த வாட்ச்சைக் கட்டியே அனுப்பிவிடலாம் என்றாள். அது இல்லாமல் அப்பா எங்கேயும் போனதில்லையே.

"வேணாம். இன்னைக்கு ஒரு நாளாவது அவர் என்கூட மட்டும் இருக்கட்டும்."

மகள் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். அம்மா வலதுகையில் வாட்ச்சைப் பொத்திக்கொண்டு, இடதுகையால் அந்த வெளுத்த பட்டையைச் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம், அவள் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்திருந்த நண்பர் வந்தார். வாட்ச் பைத்தியத்தில் அவருக்குக் கூட்டாளி. சட்டைப்பையில் லென்ஸ் இல்லாமல் வெளியே கிளம்பாத மனுஷர். காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி வாட்ச் எங்கே அண்ணி என்பதுதான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆள் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அதற்குள் இவருக்கு அதன் கவலை. இருந்தும் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

அவர் அதை எடுத்து மெல்ல அசைத்தார். கண் மறுபடி நிறைந்தது.

"ஓடுது பாருங்க அண்ணி. காலையில அண்ணன் குடுத்த சாவி. நாளைக்குக் காலை வரைக்கும் தாங்கும்."

அவளுக்கு வயிறு எரிந்தது. போகிற நேரத்தில் விரலில் மிச்சமிருந்த பலத்தைக்கூட இந்த இளையாளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுப்படிக்கு நாலு எட்டு நடக்க முடியவில்லை. தூக்கித் தெருவில் வீசலாம் போலிருந்தது.

பூதக்கண்ணாடியின் விரல்கள், பழக்கதோஷம், சாவித் திருகைப் பிடித்தன. நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம், தினமும் தானே வந்து கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் வாட்ச்சை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கறது அவர் குடுத்தது. அது மேல வேற யாரும் குடுக்கக் கூடாது."

"தீந்துட்டா நின்னுடுமே அண்ணி."

"நிக்கட்டும்."

பிறகு வண்டி வந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை மகள்தான் விரல் விரலாக விடுவித்தாள். அவர் வெறுங்கையோடு போனார்.

எல்லோரும் திரும்பி வந்து, குளித்து, கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு வீடு ஓய்ந்தது. அவள் மேஜைமுன் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். நேற்றைய சாவி தீர்ந்து, வரிசையாக எல்லாம் நின்றுபோயிருந்தன. இழுப்பறையை மூடிவிட்டு இளையாளைக் காதில் வைத்தாள். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"அம்மா, காப்பி ஆறுது."

"ஒரு நிமிஷம் இரு" என்றாள்.