திங்கட்கிழமை அறிக்கை

பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் சின்ன லேப் அது. முதலாளியையும் சேர்த்து மொத்தம் நாலே பேர்.

வாசல் மேஜையில் உட்கார்ந்து அச்சுகளை வாங்கி எண் போட்டு, டாக்டர்களின் போனுக்கெல்லாம் பதில் சொல்கிறவளை எல்லோரும் ‘டீச்சர்’ என்பார்கள். முன்பு ஒரு மழலையர் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். பள்ளியை மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உள்ளறையில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சுகளில் ஊற்றுகிறவர் மாவண்ணன். காலையில் கறுப்பு முடியோடு வந்து சாயங்காலம் நரைத்துப்போய் வீட்டுக்குப் போகிற ஒரே ஆள் நான்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஜன்னலோர மேஜை பீங்கான் அக்காவுடையது. அரிசி முனை அளவுக்குப் பீங்கான் கூழைத் தூரிகையில் தொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, சூளையில் வைத்து எடுப்பாள். ‘பக்கத்துப் பல்லே ஏமாந்துடணும்’ என்பது அவள் பேச்சு. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி.

ஒருநாள் வடிவமைப்புக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. மூன்று நாள் வேலை போயே போய்விட்டது. முதலாளி அலறியடித்துக்கொண்டு, ஐந்து கருவிகளில் போட்டுக்கொள்ளலாம் என்று விற்ற ஒரு பாதுகாப்பு மென்பொருளை வாங்கினார். வாசல் கம்ப்யூட்டர், வடிவமைப்புக் கம்ப்யூட்டர், அவருடைய லேப்டாப் போக இரண்டு மிச்சம். டாக்டர்கள் பல்லின் படங்களை அக்காவுக்கும் மாவண்ணனுக்கும்தான் அனுப்புவார்கள். வைரஸ் அந்த வழியாகக்கூட வந்திருக்கலாம் என்று அவர்கள் இருவரின் போன்களிலும் போடச் சொன்னார்.

“டீச்சர், எனக்கு இந்த மெயில் கியிலெல்லாம் பார்க்க நேரமில்ல. உங்க மெயிலையே குடுத்துடுங்க” என்றார்.

அவளும் கொடுத்தாள். திரை ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனாள். நடுவில் ‘கூடுதல் வசதி: பாதுகாப்பான உலாவல், குடும்ப அறிக்கை. விருப்பமிருந்தால் மட்டும்’ என்று ஒரு கட்டம் வந்தது. அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. போனில் ஒரு டாக்டர், நாளைக்குப் பல் வருமா வராதா என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அதற்கும் ‘அடுத்து’ கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அறிக்கை வந்தது. எத்தனை வைரஸ் பிடித்தது என்ற விவரமாக்கும் என்று திறந்தாள். வைரஸ் ஒன்றுமில்லை. ஐந்து கருவிகள், ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் அந்த வாரம் யார் எந்தப் பக்கம் போனார்கள், என்ன தேடினார்கள் என்று நேரத்தோடு வரிசையாக இருந்தது. மாவண்ணன், ‘மாவுத் தூசி நுரையீரலுக்குள் போனால்’ என்று நாலு நாள் விடாமல் தேடியிருந்தார். அவர் உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அச்சைத் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது.

அக்காவின் போன் மூன்றாவதாக இருந்தது. ‘நம் நம்பரை ஒருவர் பிளாக் செய்திருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது.’ ‘மகன் பேசாமல் இருக்கக் காரணம்.’ ‘பெற்ற பிள்ளை பேசவில்லை என்றால் எத்தனை வருடம் காத்திருக்கலாம்.’

டீச்சர் குளிக்கிற அறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவளைப் போல அந்தப் பக்கத்தைப் படாரென்று மூடினாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அக்கா சொன்னாள்: “நேத்து ஞாயித்துக்கிழமை பையன் போன் பண்ணான். வைக்கவே மனசில்ல அவனுக்கு. ஒரு மணி நேரம்!”

“அப்படியாக்கா?” என்றாள் டீச்சர். வேறென்ன சொல்வது? ஏழு வருடமாக ஒவ்வொரு திங்களும் கேட்ட சேதிதான்.

அந்தக் கூடுதல் வசதியை எடுத்துவிட முயன்றாள். டிக்கை எடுத்தால் ‘உங்கள் குடும்பம் ஆபத்தில் இருக்கிறது’ என்று சிவப்பில் ஒரு பலகை வந்து, டிக் தானாக மறுபடி உட்கார்ந்துகொண்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

“அது விருப்பத்தின் பேர்லதாங்க மேடம். கட்டாயமே இல்ல” என்றான் அங்கே ஒருவன்.

“சரிங்க, எனக்கு விருப்பம் இல்ல. எடுத்துடுங்க.”

“அத மட்டும் தனியா எடுக்க முடியாதுங்க மேடம். மொத்தப் பாதுகாப்பையும் எடுக்கணும். அதுக்குப் பணம் கட்டினவர் பேசணும்.”

“யாரக் கேட்டு அடுத்தவங்க போன்ல நோட்டம் விடுறீங்க?”

அவன் எதையோ தட்டிப் பார்த்தான். “நீங்கதாங்க மேடம் சம்மதம் குடுத்திருக்கீங்க. பன்னெண்டாம் தேதி, காலையில பதினொன்னு நாப்பத்திரெண்டுக்கு.”

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். சொன்னால் என்ன ஆகும்? மெயிலை என் பெயருக்கு மாத்திடுங்க என்பார். அக்காவின் கண்ணீரும் மாவண்ணனின் நுரையீரலும் அவர் மேஜைக்குப் போகும். அதைவிட நம்மோடு கிடக்கட்டும் என்று நினைத்தாள். திறக்காமலே அழித்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு வாரம் அப்படியே செய்தாள். அடுத்த வாரம் கை சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கே அதில் ஒரு ருசி தட்டியிருந்தது. அதை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறாவது திங்கள் முதலாளியின் லேப்டாப்புக்குக் கீழே நாலு வரி இருந்தது. ‘பீங்கான் பல் தானாகச் செய்யும் இயந்திரம்.’ ‘அதை இயக்க எத்தனை ஆள்.’ ‘இருபது வருட ஊழியரை நிறுத்த முன்னறிவிப்பு.’ ‘இருபது வருடம் முடியும் முன் நிறுத்தினால் கொடுக்க வேண்டிய பணம் குறையுமா.’

அன்றைக்குப் பார்த்து அக்கா அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா லேப் வெச்சிருக்காங்கல்ல, அவங்க என்னக் கூப்பிட்டாங்க டீச்சர். சம்பளமும் அதிகம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

“போறீங்களாக்கா?”

“சேச்சே. இந்த மனுஷன நட்டாத்துல விட்டுட்டுப் போக மனசு வருமா? என் கைய நம்பித்தான இந்தக் கடையே ஓடுது. முடியாதுன்னு சொல்லிடப் போறேன்.”

டீச்சர் இரண்டு நாள் மென்று விழுங்கினாள். வியாழக்கிழமை முதலாளி வெளியே போயிருந்த நேரம். அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா, அந்த லேப்புக்கு வரேன்னு சொல்லிடுங்க.”

“ஏன்?”

“இங்க உங்கள நிறுத்தப் போறாங்க. மெஷின் வாங்கப் போறாரு.”

அக்கா சிரித்தாள். “யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்.”

“அதான், எப்படித் தெரியும்?”

ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருக்கலாம். யாரோ டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆனால் அக்காவின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை, வெள்ளிக்கிழமையோ நாளைக்கு. டீச்சர் வாசல் கம்ப்யூட்டருக்கு அவளைக் கூட்டிப் போய் அறிக்கையைத் திறந்து, முதலாளியின் பகுதியைக் காட்டினாள்.

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். நாலு வரியையும் படித்தாள். பிறகு சுட்டியைத் தானே பிடித்து மேலே நகர்த்தினாள். டீச்சர் “அக்கா, அதெல்லாம் வேண்டாம்” என்று சொல்வதற்குள் மூன்றாவது தலைப்புக்குப் போய்விட்டாள். அதில் அவள் பெயர் இல்லை, போனின் எண்தான் இருந்தது. அந்த வாரம் அவள் தேடியிருந்தவை ஒன்பது வரிகள். ஒன்பதையும் நிதானமாகப் படித்தாள்.

“இது எத்தன நாளா உனக்கு வருது?”

“ஆறு வாரமாக்கா. நானா கேட்டு வாங்கல. தானா…”

“இதுல உன் போன் எங்க?”

“அஞ்சுதான்க்கா போட முடியும். என்னோடது இதுல… இல்ல.”

அக்கா எழுந்து தன் மேஜைக்குப் போனாள். பாதி பூசிய பல்லை எடுத்தாள், வைத்தாள். மாலையில் முதலாளி வந்ததும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கால் மணி நேரத்தில் டீச்சருக்கு அழைப்பு வந்தது. முதலாளியின் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“என் லேப்டாப்ப உளவு பார்க்கறியா நீ?” ஏழு வருடத்தில் முதல்முறையாக ‘நீ’ என்றார்.

“நீங்கதான் சார் என் மெயில குடுக்கச் சொன்னீங்க.”

“தபால்காரன் தபாலப் பிரிச்சுப் படிக்கலாமா?”

“எனக்குன்னு விலாசம் எழுதி வந்த தபால் சார் அது. நிறுத்தக் கேட்டேன். உங்களத்தான் பேசச் சொன்னாங்க.”

“அப்ப ஏன் என்கிட்ட வந்து சொல்லல?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அக்காவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவர் அக்கா பக்கம் திரும்பி, குரலில் தேனைத் தடவிக்கொண்டார். “அந்த மெஷினு, என் மச்சான் ஒருத்தன் விசாரிச்சான்மா. அவன் கடையில ஆள் பிரச்சனை. அதுக்குத்தான் தேடினேன். உங்கள விட்டா எனக்கு யாரு?”

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பேச்சை ஒரு குழந்தைகூட நம்பாது. ஆனால் அக்கா மெல்லத் தலையாட்டினாள். அவரை நம்பினால் பத்தொன்பது வருடமாவது மிஞ்சும் என்று நினைத்தாளோ என்னவோ.

முதலாளி போகச் சொல்லிவிட, டீச்சர் அன்றே மேஜையைக் காலி செய்தாள். மாவண்ணன் மட்டும் வாசல்வரை வந்தார். கையெல்லாம் மாவு.

“என்னோடதும் படிச்சியாம்மா?”

“படிச்சேன்ணே. டாக்டர்கிட்ட போங்க.”

“ம்” என்றார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வேறு வேலை கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ரசீது எழுதுகிற வேலை. நாலு மாதம் கழித்து மாவண்ணன் கண்ணாடி மாற்ற அங்கே வந்தார். எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறதாம், மாத்திரை சாப்பிடுகிறாராம். பிறகு சேதி சொன்னார். மெஷின் வந்துவிட்டது. அக்காவை நிறுத்திவிட்டார்கள், இருபது வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது. ஆத்துக்கு அந்தப் பக்கத்து லேப்பில் எப்போதோ வேறு ஆள் எடுத்தாகிவிட்டது.

“அந்த மென்பொருள எடுத்துட்டாரா அண்ணே?”

“எங்க எடுத்தாரு? இப்ப அவரே திங்கக்கிழமையானா கதவச் சாத்திக்கிட்டுப் படிக்கிறாரு. நான் இப்ப என் போன்ல எதையும் தேடறதே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அக்காவின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. நாலு தடவை மணி அடித்த பிறகு அக்கா கதவைப் பாதி திறந்து, பிடியிலிருந்து கையை எடுக்காமலே நின்றாள்.

“மாவண்ணன் சொன்னாருக்கா. மனசு கேக்கல, அதான்…”

“நீ சொன்னது சரியாப் போச்சு. அதச் சொல்லத்தான வந்த?”

“ஐயோ இல்லக்கா. எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு பல் டாக்டர், சொந்தமா லேப் வைக்கப் போறாராம். உங்களப் பத்திச் சொல்லட்டுமான்னு கேக்கத்தான்…”

“என்னப் பத்தியா?” அக்கா அந்த வார்த்தையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “என்னப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. போதும்மா. அந்த மனுஷன் என் வேலையத்தான் எடுத்தாரு. நீ ஆறு வாரம் என் எதுக்க உக்காந்து, நான் பொய் சொல்லச் சொல்ல, ‘அப்படியாக்கா, அப்படியாக்கா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்த.”

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா.”

“தெரியும்” என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. “உள்ள வான்னு சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்காத.”

கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. டீச்சர் அந்த டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொண்டுவந்திருந்த சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று குனிந்தாள். பிறகு, கேட்காமல் இன்னொன்றையும் செய்ய வேண்டாம் என்று நிமிர்ந்து, படியிறங்கிப் போனாள்.