ஹெய்டியின் வீடு

அப்பாவின் படத்தை அம்மா சுவரிலிருந்து இறக்கி என்னிடம் தந்தாள். அண்ணன் டெரலின் பட்டமளிப்புப் படத்தையும் அதோடு சேர்த்து காரின் பின்பெட்டியில் வைத்தேன். ஏசுவின் படத்தில் கை வைத்தபோது அம்மா தடுத்தாள்.

"அவரு இருக்கட்டும்டி. அவரு ஏற்கெனவே வெள்ளைதான்."

போன மாதம் வீட்டின் மேல் கடன் கேட்டதற்கு வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் முதலில் எங்களைப் பார்த்தார், அப்புறம்தான் வீட்டைப் பார்த்தார். பால்டிமோரில் இதே அளவுள்ள வெள்ளையர் வீட்டுக்குப் போடும் விலையில் பாதியை எழுதினார். கடன் இல்லை என்றார்கள். இந்த இரண்டாவது வங்கியும் மறுத்தால் பழைய கடனுக்கு வீடு ஏலத்துக்குப் போகும். அதனால் என் வெள்ளைக்கார ஆய்வகத் தோழி ஹெய்டி இன்று வீட்டுக்காரி. கறுப்பர்களான எங்களில் பலர் இப்படிச் செய்கிறார்கள். காலியான ஆணிகளில் அவள் குடும்பப் படங்களை மாட்டினோம். யார் கேட்டாலும் தன் வீடு என்றே சொல்ல வேண்டும் என்று பலமுறை சொல்லிவைத்தேன்.

புது மதிப்பீட்டாளர் தாமதமாக வந்தார். நானும் அம்மாவும் தெருமுனையில் காரில் இருந்தோம். அவர் போயிருப்பார் என்று நினைத்து டெரல் பின்வாசலைத் திறந்து உள்ளே போனது எங்களுக்குத் தெரியாது. அவனைக் கண்ட மதிப்பீட்டாளர் குளியலறையில் புகுந்து தாழிட்டுக்கொண்டு போலீசைக் கூப்பிட்டார்.

சைரன் கேட்டு ஓடினோம். சமையலறைத் தரையில் டெரல் குப்புறக் கிடந்தான். கைகளில் விலங்கு, முதுகில் ஒரு போலீஸ்காரனின் முழங்கால்.

"என் வீடு இது," என்றான் டெரல்.

இன்னொருவன் ஹெய்டியிடம் கேட்டான்: "இவனைத் தெரியுமா உங்களுக்கு?"

குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்ற மதிப்பீட்டாளரை ஹெய்டி பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

தடி டெரலின் தாடையில் இறங்கியது. மறுபடி இறங்கியது. ஒரு பல் அடுப்படிவரை உருண்டது.

"நிறுத்துங்க, இது அவங்க வீடு," என்று அழுதாள் ஹெய்டி. "நான் சும்மா நடிச்சேன்."

"அப்ப இது யாரு?" போலீஸ்காரன் சுவரைக் காட்டினான். பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு ஹெய்டியின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா காருக்கு ஓடினாள். அப்பாவின் படத்தை மார்போடு அணைத்தபடி திரும்பி வந்தாள். துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது.

"கையில இருக்கறதக் கீழ போடு."

போட்டாள். கண்ணாடி உடைந்தது. படத்தில் இதே வாசற்படியில், கைக்குழந்தை டெரலோடு அப்பா.

போலீஸ்காரன் குனிந்து படத்தைப் பார்த்தான். டெரலின் விலங்கைக் கழற்றினார்கள். மகனின் தலையை மடியில் எடுத்து வைத்து, வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள் அம்மா. மதிப்பீட்டாளர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சமையலறை பாக்கி இருக்கு சார்," என்றாள் அம்மா. "அளந்துட்டுப் போங்க."

அவர் தரையைப் பார்த்தார். ரத்தத்தை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து வெளியேறினார்.