இரண்டு முறை திருப்பிய எண்

ஒட்வார் சுடச்சுட வாஃபிள் மேல் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டு, தட்டைத் தூருன் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை. இழவு வீட்டுக்கு வந்து, இழவுக்குக் காரணமானவளே பந்தியில் உட்கார்ந்த மாதிரி கூசியது.

"சாப்பிடு. பெர்கன்ல இருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கே."

போன வாரம் அவருடைய பண்ணையில் ஒரு தொட்டி சால்மன் மீன்குஞ்சுகள் மொத்தமும் மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கியபோது கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை. அதை அணைத்து வைத்தது அவர் தம்பி ஐலிவ். ஊரே அவனைத்தான் ஏசியது.

அந்த அலாரம் பெட்டியைச் செய்யும் கம்பெனியில் நிரல் எழுதுபவள் தூருன்; அவளுக்கு உண்மை தெரியும். ஆக்சிஜன் சென்சார் ஓர் எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும், பெரிய துண்டு முதலில். பழைய பெட்டியின் பிராசஸரும் அதே வரிசையில் படித்ததால் வம்பில்லை. புதிய பெட்டியுடையது சின்னத் துண்டை முதலில் படிக்கிற ஜாதி. ஆகவே ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் பொது நிரலே அதைச் செய்துகொண்டிருந்தது. அது தெரியாமல், சென்சாரோடு பேசும் 'டிரைவர்' என்ற குட்டி நிரலில் இவளும் ஒருமுறை திருப்பினாள். இரண்டு தரம் திருப்பினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சின்னத் துண்டு பெரியதின் இடத்தில் போய் உட்கார, எண் தாறுமாறாகக் குதிக்கும். சோதித்துப் பார்க்காமலும் இல்லை. பார்த்தாள், இருபத்திரண்டு இருபத்திரண்டு என்று இரண்டு துண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு. அதை எப்படித் திருப்பினால்தான் என்ன? மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் சோம்பேறித்தனம் அது, வேறென்ன சொல்ல.

பெர்கனிலிருந்து கிளம்பும்போது அவளுடைய மேலாளர் ஸ்டைனார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புது டிரைவரைப் போடு, காப்பியக் குடி, வாயத் தொறக்காம வந்துசேரு. மத்தத வக்கீலுங்க பாத்துக்குவாங்க."

புது டிரைவரைப் போட்டாயிற்று. காப்பியும் ஆறிக்கொண்டிருந்தது.

"எண்ணு தவளை மாதிரி குதிக்குது, அலாரம் சும்மா சும்மா அடிக்குதுன்னு ஐலிவ் சொல்லிக்கிட்டே இருந்தான்," என்றார் ஒட்வார். "உங்க ஆபீஸ்ல கேட்டா, அழுக்கா இருக்கும், சென்சாரத் துடைங்கன்னு பதில் வந்துச்சு. துடைச்சான், துடைச்சான், கடைசியில அணைச்சுட்டான். நீ குடிச்சுட்டுத்தான அணைச்சேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். இன்னிக்கு வடக்கே கிளம்புறான். வேற வேலை பாத்துக்கிட்டானாம்."

துடையுங்கள் என்று பதில் அனுப்பியவளும் தூருன்தான். நிரலைத் திறந்து பார்க்கச் சோம்பி, ஒரு வரியில் ஆளைத் துரத்திவிட்டாள்.

"சென்சார்ல அழுக்கே இல்ல," என்றாள். "எண்ணத் தப்பாத் திருப்பினது நான். ஐலிவ் சொன்னதுதான் சரி. துடைக்கச் சொன்னதும் நான்தான்."

ஒட்வார் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் குடிக்கல."

"இல்ல."

அவர் போனை எடுத்து ஒரு பெயரை அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே, படகுத்துறை அருகே, ஐலிவ் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். அடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, பின்கதவைச் சாத்தினான்.

"என் பேரப் பாத்தா எடுக்க மாட்டான்," என்றார் ஒட்வார். போனை இன்னும் காதில்தான் வைத்திருந்தார்.

தூருன் மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே பாய்ந்தாள். மழையில் நனைந்த படகுத்துறைப் பலகைகள் வழுக்கின. "ஐலிவ்!" என்று கத்தினாள். வேன் உறுமியது, பின்விளக்குகள் சிவந்தன. ஓடிப்போய் அதன் பின்கதவை இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.