இடது கையால் வரைந்த நாற்பது படங்கள்

அந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஒருத்தி இருப்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். அவளுடைய இரண்டு பாடவேளைகளையும் கணக்கு வாத்தியார் ஒரு வாரத்துக்கு என்று கேட்டு வாங்கி, நாலு வருஷமாக வைத்திருந்தார். அவளோ பதிவேடுகளுக்குக் கோடு போட்டாள், வாளிகளில் வகுப்பு எண் எழுதினாள், கழிப்பறைக் கதவுகளில் ஆண், பெண் உருவம் வரைந்தாள். பிள்ளைகள் தினமும் பார்த்த ஒரே ஓவியம் அதுதான்.

ஒருநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். 

"படைப்பாற்றலைப் பார்க்க அதிகாரி வர்றாராம். நாளன்னைக்குள்ள நாற்பது படம் வேணும்."

"பிள்ளைங்களை ரெண்டு மணி நேரம் விடுங்க சார், வரைஞ்சிடுவாங்க."

"அவங்களுக்கு டெஸ்ட் இருக்கே. நீங்களே போட்டுடுங்க. ஆனா பிள்ளைங்க போட்ட மாதிரி இருக்கணும். கீழ முதல் நாற்பது ரேங்க் பேரையும் எழுதிடுங்க."

வீட்டில் உட்கார்ந்து இடது கையால் வரைந்து தள்ளினாள். எட்டிப் பார்த்த கணவன், "இதுதான் நல்லா இருக்கு. இத்தனை நாள் வலது கையை ஏன் கஷ்டப்படுத்தின?" என்றான்.  

அதிகாரி வந்தார். சுவரில் ஒட்டியிருந்தவற்றில், நோட்டுக் குவியலுக்கு நடுவே தூங்கும் ஒரு பெண்ணின் படத்தின் முன் நின்றுவிட்டார். கீழே ஏழாம் வகுப்பின் முதல் ரேங்க்காரி பெயர். அவளை வரவழைத்தார்கள்.

"எப்படிம்மா இப்படித் தோணுச்சு?"

"நான் வரையல சார். டிராயிங் பீரியட்ல எங்களுக்குக் கணக்குதான் நடக்கும்."

தலைமையாசிரியர் சமாளித்துக்கொண்டு சிரித்தார். "தன்னடக்கம் சார்."

"பெரிய கலைஞர்கள் எல்லாம் இப்படித்தான்," என்று அதிகாரி தலையாட்டினார்.

ஓவிய ஆசிரியைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேஜையில் அழகுக்கு வைத்திருந்த கிரேயானை இடது கையில் எடுத்து, எதிரே நின்ற அதிகாரியை அதே கோணல் கோட்டில் வரைந்து நீட்டினாள். அவர் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பார். படத்தில் தொப்பை உள்ளபடியே இருந்தது.

அவளுக்கு ஒரு மெமோ, தலைமையாசிரியருக்கு ஒரு மெமோ. கூடவே ஓவிய வகுப்பைத் தவறாமல் நடத்த வேண்டும் என்று ஓர் உத்தரவு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கிடைத்தது. கணக்கு வாத்தியார் வாசலில் நின்று, "பத்தே நிமிஷம் டீச்சர்," என்று குழைந்தார். அவள் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

வெள்ளைத் தாள் கொடுத்ததும் முதல் ரேங்க்காரி எழுந்தாள். 

"என்ன டீச்சர் வரையணும்?"

"உனக்குத் தோணுறதை."

"எது சரியான விடை?"

"விடையெல்லாம் இல்ல."

"அப்போ மார்க் எப்படிப் போடுவீங்க?"

"போட மாட்டேன்."

ஏதோ சதி நடப்பதுபோல் அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் வெறும் தாள்தான். வெகுநேரம் கழித்து, யாருக்கும் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு, பச்சை நிறத்தில் ஒரு மாடு வரையத் தொடங்கினாள்.