இரண்டு சம்பளம்

தென்காசியில் முகாம் போட்டிருந்த வருமானவரி ஆபீசர் முன்னால் போய் நின்றபோது நல்லகண்ணுவுக்குப் பயமே இல்லை. ஆள் மாறிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறவனுக்குத்தானே வெள்ளைக்காரன் வரி போடுகிறான்? மர டிப்போவில் கணக்கு எழுதுகிற சம்பளம் அதற்குள் அடங்கிவிடும். சாயங்காலம் குற்றாலத்துக்கு நடந்துபோய், மந்திரமூர்த்தியின் சீசன் பங்களாக்களுக்குக் கணக்கு எழுதி வாங்குவது அதைவிடச் சொற்பம். இரண்டையும் மறைக்காமல் சொன்னார்.

"எத்தனை இடத்தில் வாங்கினால் என்ன? வாங்குகிறவர் நீர் ஒருத்தர்தானே. சேர்த்துத்தான் பார்ப்போம்" என்றார் ஆபீசர். சேர்த்தபோது ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. "போன வருஷ வருமானத்துக்கு இந்த வருஷம் வரி. சின்னத் தொகைதான், பயப்படாதீர். இரண்டு முதலாளிகளுக்கும் எழுதிச் சம்பளத்தைச் சரிபார்த்துக்கொள்கிறேன்."

அப்போதுதான் நல்லகண்ணு பதறினார். "டிப்போவுக்கு மட்டும் எழுதாதீய எசமான். எவ்வளவுன்னாலும் நானே கட்டிருதேன்."

"எழுதாமல் முடியாதே" என்றார் அவர், தன்மையாகத்தான்.

டிப்போ முதலாளி முத்துராமலிங்கமும் மந்திரமூர்த்தியும் காட்டுமர ஏலத்தில் எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள். தெரிந்தேதான் நல்லகண்ணு மந்திரமூர்த்தியிடம் வேலைக்குப் போனார். வேறு யாரும் சாயங்கால வேலை தரவில்லை. மகள் குருவம்மாள் கல்யாணமான மறு வருஷமே தாலியை இழந்து வீட்டுக்கு வந்தாள். மூலையில் உட்கார்ந்து அவள் வற்றிப்போவதைப் பார்க்கச் சகிக்காமல், பாளையங்கோட்டையில் வாத்திச்சி படிப்புக்குச் சேர்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் வாசல் மிதிப்பதை நிறுத்தினார்கள். விடுதிச் செலவுக்கு அந்த இரண்டாவது சம்பளம் மாசாமாசம் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஆபீசரின் தபால் வந்த அன்று முத்துராமலிங்கம் சத்தம் போடவில்லை.

"போன ஏலத்துல நான் எந்த வெலைக்கு நிப்பேன்னு மந்திரமூர்த்திக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்துதுவே. யாரு சொல்லிருப்பாவன்னு ஒரு வருசமா மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டு இருந்தேன்."

"அண்ணாச்சி, அங்கன நான் பங்களா வாடகைக் கணக்கு மட்டுந்தான் எழுதுதேன். எம் மக மேல சத்தியம்."

"அத ஏங்கிட்ட முந்தியே சொல்லிருக்கலாம்லா?"

விலையைச் சொல்லவில்லை என்பது உண்மை. வேலையைச் சொல்லவில்லை என்பதும் உண்மைதானே. நல்லகண்ணு டிப்போ சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். அன்றே குற்றாலத்துக்கு ஓடினார். மந்திரமூர்த்தி வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "இப்ப ஒம்ம இங்கன வச்சுக்கிட்டேம்னா, வெலைய நீருதான் சொன்னீருன்னு ஊரே பேசும். எனக்கும் கெட்ட பேரு. கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்" என்றார்.

வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அவருக்கு ஒரு சம்பளமும் இல்லை. மனைவி ஆவுடைத்தாய் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "வேல போயிட்டுன்னு சொன்னா விடமாட்டாவளா?" என்று கேட்டாள்.

"அது போன வருசத்துக்குள்ளது, ஆவுடை. போன வருசம் நமக்கு இருந்துதுல்லா."

அவள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். வரி தீர்ந்தது. விடுதிக்குக் கட்ட மிச்சம் இல்லை. 'உடனே புறப்பட்டு வரவும்' என்று மட்டும் மகளுக்கு எழுதிப் போட்டார்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குருவம்மாள் புத்தகக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"அம்மைக்கு ஒண்ணும் இல்லியேப்பா? பயந்துட்டேன். அடுத்த வாரம் பரீச்ச. இங்க இருக்க ரெண்டு நாளும் படிக்கலாம்னு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

"அம்ம நல்லாத்தான் இருக்கா" என்றார். புத்தகக் கட்டை வாங்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம்ப்பா, நனைஞ்சிரும்" என்று அவள் வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையிலிருந்து இழுத்துப் புத்தகங்களின் மேல் இரண்டு சுற்றாகச் சுற்றினாள். சாரல் வலுத்தது. நனைந்த தலையோடு அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.