பத்துக்கு ஒன்று கூட்டி

...மரம் எப்படிச் சுருங்கும், பதினோரு வருஷமாகப் பீங்கான் கம்பெனியில் அச்சு எடுக்கிறவளுக்கு இது தெரியாதா, மண்ணென்றால் பத்துக்கு ஒன்று கூட்டி அளவு வைப்போம், சூளையில் வெந்து சுருங்கி பியூஸ் கட்டை சரியான அளவுக்கு வந்து நிற்கும், அதே கணக்கில் கிட்டாரிலும் உளி வைத்துக் குழியை வெட்டிவிட்டேன், நான் பிறந்த அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கிட்டார், பாண்டிச்சேரியில் பழைய சாமான்களுக்கு நடுவில் தேடி எடுத்தது... இப்போது புதுப் பிக்கப், தந்தியின் அதிர்வை வாங்கிச் சத்தம் கூட்டுகிற ஆம்புப் பெட்டிக்கு அனுப்புகிற அந்தக் காந்தக் கட்டை, குழிக்குள் லொடலொடவென்று ஆடுகிறது, அதன் இரண்டு காதுகளிலும் ஸ்க்ரூ பிடிக்க மரம் இல்லை. நாலு மணிக்கு வேன் வந்துவிடும். வேப்பூரில் கச்சேரி. எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிற ராஜமாணிக்கம் அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டார், “கீபோர்டுலயே கிட்டாரு சத்தம் வந்துடுது அம்புஜம், அந்தக் கட்டைய வூட்லயே வச்சிட்டு கோரஸ்ல நில்லு, பட்டுப் பொடவ கட்டிக்க.” நிற்க மாட்டேன். கிட்டாரோடுதான் மேடை ஏறுவேன், இல்லையென்றால் ஏறவே மாட்டேன், அவரிடம் சொன்னேனா, இல்லை, தலையை ஆட்டிவிட்டு வந்தேன், ஏன் ஆட்டினேன்?

என் வீட்டுக்காரர் டீயோடு வந்து குழியை எட்டிப் பார்க்கிறார். “இன்னாடி இது, பிக்கப்பு வைக்கறியா, கெணறு வெட்டறியா?” அச்சுப் பலகையிலிருந்து இரண்டு சில்லு சீவி, குழியின் இரண்டு பக்கமும் இறுக்கி அடிக்கிறேன், காதுகள் உட்கார்ந்துவிட்டன, ஆனால் பிக்கப் தந்தியை விட்டுத் தாழ்ந்து கிடக்கிறது, அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும், என் பழைய ரப்பர் செருப்பை எடுத்து அறுக்கிறேன். “ஏய், வாத்தியத்துக்குள்ளயா செருப்ப வைக்கற? ஆயுத பூசைக்கு இதுக்குத்தான பொட்டு வச்ச?” “வச்சேன். அடுத்த வருஷமும் வைப்பேன். அந்த ஸ்க்ரூவ எடுங்க.” முறைக்கிறார், எடுத்தும் கொடுக்கிறார்.

ஸ்க்ரூ இறங்க இறங்க எனக்குள் ஒன்று ஏறுகிறது... மண்ணுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா வெட்டினேன்? பொருந்தாமல் போகட்டும் என்று கைக்குள் யாராவது இருந்தார்களா, பொருந்தாவிட்டால் கிட்டார் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பட்டுப்புடவையில் போய் நின்றுவிடலாம், யாரோடும் சண்டை வேண்டாம்... சீ. கடைசிச் சுற்று. வயரைச் சொருகுகிறேன், ஒரே ஒரு தந்தி, வீடு அதிர்கிறது, தம்ளரில் டீ நடுங்குகிறது, தெருவில் வேனின் ஆரன். “அண்ணன் கூப்புடறாரு,” என்கிறார் இவர். “நிக்கச் சொல்லுங்க.”

ஆம்பின் சத்தத் திருகில் பத்துவரை எண் இருக்கிறது, நான் ஒருநாளும் ஐந்தைத் தாண்டியதில்லை, தாண்டாதே என்று சொன்னது யார், ராஜமாணிக்கம் அண்ணனா, இவரா, அம்மாவா... ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்க்கிறேன், ஒருவரும் சொன்ன மாதிரி இல்லை.