கல்வெட்டில் ஏறிய அனமோஸ்

யாராவது காலமானால், முப்பத்தோராம் நாளுக்கு அவரைப் பற்றிய கல்வெட்டு என்று சிறு புத்தகம் ஒன்றை அச்சடித்துக் கொடுப்பது கடல் கடந்து வந்த பிறகும் எங்கள் ஆட்கள் விடாத வழக்கம். என் அப்பா சச்சிதானந்தன் உயிரோடு இருக்கும்போதே தன்னுடையதை எழுதி முடித்துவிட்டார். எல்லாம் அதிலுள்ள ஒரே ஒரு பக்கத்துக்காக.

லத்தீனுக்கு முந்திய, இத்தாலி மண்ணில் பேசப்பட்ட பழைய மொழியில் உயிருக்கு 'அனமோஸ்' என்றொரு சொல் இருந்திருக்க வேண்டும். எழுத்தில் அதை யாரும் கண்டதில்லை. பின்னால் வந்த சொற்களை வைத்து அறிஞர்கள் ஊகித்தது. மூச்சுவிடுவதைக் குறிக்கும் இன்னும் பழைய வேரிலிருந்து வந்தது என்பார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த இதை வீட்டில் சொன்னது என் பிழை. அது தமிழ் 'அனல்'தான், உடம்புச் சூடுதானே உயிர் என்று அப்பா பிடித்த பிடியை மூன்று வருடமாக விடவில்லை. அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் சண்முகராசா மாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் மோர்டனிலிருந்து வந்து, "விசர்க்கதை, பைத்தியக்காரன்தான் இதை நம்புவான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"கல்வெட்டில போட்டா அவன் வாய் திறக்கேலாது," என்றார் அப்பா. "செத்தவனோட ஆர் வாதாடுறது?"

அச்சில் எப்படி வரும் என்று பார்க்க, செவன் கிங்ஸில் அச்சகம் வைத்திருக்கும் கிருசாந்தன் அண்ணைக்குப் பக்கங்களை அனுப்பினார். கல்வெட்டு வந்தால் ஆள் போய்விட்டார் என்றுதானே அர்த்தம்? அந்த நல்ல மனுசன் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் துயரச் செய்தி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் நின்று மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற அப்பா, இடுக்கு வழியாக வேண்டாம் என்று கைகூப்பினார். வெட்கங்கெட்ட மனுசன். நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாஸ்டர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கும் ஆசைதான்.

"பிள்ளை யசோதினி, கொப்பர் சொன்னதுதான் சரி," என்று மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "அது தமிழ்ச் சொல்தான். அவன் இருக்கேக்க நான் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அதை நான் காணவில்லை.

"எங்கட மிளகோட கப்பலேறி ரோமுக்குப் போன சொல்லெண்டு எவ்வளவு வடிவாச் சொன்னவன்!"

கதவு படாரென்று திறந்தது.

"மிளகோட இல்லையடா! அதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முதலே போயிட்டுது! எத்தினை தரம் சொன்னனான்?"

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தவர், கொஞ்ச நேரம் விடவே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கடைசியில் விலகி நின்று கண்ணைத் துடைத்தார்.

"உண்மையா உயிரோடதான் இருக்கிறியா?"

"ஓம்."

"அப்ப நீ சொன்னது பிழை."